லேசாகிப்போன ஸ்டியரிங்

ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

மாமா எதற்குப் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் இரண்டாவது நிமிடமே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதோடு, எழுத்தில் இருந்தால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை மாமா" என்று பின்னால் நீ சாதிக்க முடியாது. நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

விஷயம் இதுதான். மணிக்கட்டில் தகடு வைத்த பிறகு கைக்குப் பலம் வரட்டும் என்று மார்ச் மாதம் உன் கடையிலிருந்து கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடும் அந்த ஸ்டியரிங்கை அனுப்பினாய். நல்ல மனதோடுதான் அனுப்பினாய் என்று அப்போது நம்பினேன். முதல் வாரம் அது என் கையை முறுக்கிப் போட்டது. வளைவில் நான் ஒரு பக்கம் இழுத்தால் அது மறுபக்கம் இழுத்தது. மூன்று சுற்றுக்கு மேல் தாங்கவில்லை. டயர் வெடித்த அன்று பஸ் ஸ்டியரிங் உதறி என் கையை உடைத்ததே, அந்த உதறல் நினைவுக்கு வந்து பயந்தும் போனேன். டிரைவர் பயந்தான் என்பதை நீ ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்.

ஏப்ரலில் உன் அக்கா பல் டாக்டரைப் பார்க்க வந்து உன் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நீயே காரில் கொண்டுவந்து விட்டாய். சாப்பிட்டாய். ஸ்க்ரூ முடுக்குகிறேன் என்று மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தாய். அப்புறம் நமக்குள் வார்த்தை தடித்தது, கோபித்துக்கொண்டு கிளம்பினாய். மறுநாளிலிருந்து ஸ்டியரிங் லேசாகிவிட்டது. எட்டுச் சுற்று போனேன், பிறகு பன்னிரண்டு, பிறகு இருபது. கை தேறிவிட்டது என்று நினைத்தேன். உன் அக்கா கைதட்டினாள். அந்தத் தெம்பில் டிப்போவுக்குப் போய் ஓட்டுநர் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜூலை பதினைந்து. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய பயிற்சி வண்டி. தேறினால் நான் டிரைவர். தேறாவிட்டால் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்.

நேற்று மேஜைக்கு அடியில் குனிந்தபோது அடாப்டரைப் பார்த்தேன். அதன் முதுகில் 24 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ஸ்டியரிங் மாட்டியிருக்கும் மோட்டார் பெட்டியின் அடியில் 36 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நான் மின்சாரம் படித்தவன் இல்லை. ஆனால் எது பெரிது என்று தெரியும்.

நல்ல அடாப்டரை உன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாததை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயா? உன் கடையைப் பொம்மைக் கடை என்று சொன்னதற்கு இதுதான் பதிலா?

இப்படிக்கு,
மாமா


ஜூன் 8

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராகவே பதில் சொல்கிறேன்.

என் கடையில் அடாப்டர் பஞ்சம் எதுவும் இல்லை. உங்கள் மேஜைக்கு அடியில் புகுந்து ஒன்றைத் திருடிக்கொண்டு போக வேண்டிய நிலைமைக்கு இந்தப் பொம்மைக் கடைக்காரன் இன்னும் வரவில்லை. அன்றைக்கு அக்கா முன்னால் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "வளர்ந்த ஆம்பளைங்க விளையாடுற பொம்மைக்கு ஸ்க்ரூ முடுக்கிப் பிழைக்கிறான்." என் பொம்மையில் கையை வைத்துக்கொண்டே சொன்னீர்கள். வலித்தது மாமா. இரண்டு மாதமாக வலிக்கிறது.

விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மோட்டார் பெட்டிக்கு வீல் பேஸ் என்று பெயர். இதில் இரண்டு மாடல் வந்தது. பழைய மாடல் 24 வோல்ட்டில் ஓடும். அடுத்த வருடம் உள்ளே பெரிய மோட்டாரை வைத்து, மின்சாரத்தை 36 வோல்ட் ஆக்கினார்கள். ஆனால் வெளிப்பெட்டியையும் அடாப்டர் பின்னையும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பழைய பேஸில் புது அடாப்டரைச் சொருகினால் புகை வரும். அதுவாவது நாணயம், தப்பு என்று உடனே சொல்லிவிடும். புது பேஸில் பழைய அடாப்டரைச் சொருகினால் சத்தமே இல்லை. விளக்கு எரியும், திரை வரும், எல்லாம் ஓடும். பலம் மட்டும் பாதியாகிவிடும். சொல்லாமல் ஏமாற்றும்.

உங்களிடம் இருப்பது புது மாடல். நான் பெட்டியில் வைத்தது 36. என் கையால் வைத்தேன்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். தேர்வில் தோற்றால் பழி போட இப்போதே ஆள் பிடிக்கிறீர்களா? இருபது சுற்று ஓட்டினேன் என்று டிப்போவில் பெருமை அடிக்க யாராவது வேண்டுமென்றே சின்னதைச் சொருகியிருந்தால் அதற்கு நான் என்ன செய்ய? யாரையும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

அடாப்டரில் வேறு என்ன அடையாளம் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

மச்சினன்


ஜூன் 15

மாப்பிள்ளை,

பொதுவாகச் சொன்னாயாம். பஸ்ஸில் என் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு "சில டிரைவருங்களுக்கு பிரேக் எங்க இருக்குன்னே தெரியாது" என்று பொதுவாகச் சொல்லும் பயணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடையாளம் கேட்டாய். வசமாக மாட்டிக்கொண்டாய். அடாப்டரின் பக்கவாட்டில் சிவப்பு மார்க்கரில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கிறது. யாரோ துடைத்து அழிக்கப் பார்த்து, ஓரம் மட்டும் கரைந்து, மீதி அப்படியே நிற்கிறது. உன் கடைக்கு வந்தபோது கவுண்டருக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி பார்த்தேனே, கழித்துப் போட்ட சாமான்கள், எல்லாவற்றிலும் சிவப்புப் பெருக்கல் குறி. "இது எங்க கடை வழக்கம் மாமா, குறி போட்டது திரும்ப விற்பனைக்குப் போகாது" என்று நீயே விளக்கம் சொன்னாய்.

ஆக, இது உன் கடைக் கழிசல். உன் கடைச் சாமானுக்குக் கால் முளைத்து என் வீட்டுக்கு நடந்து வராது. இனிமேலும் என் காதில் பூ சுற்றாதே.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். டிப்போ முகவரிக்கு, என் பெயர் போட்டு அனுப்பு. வீட்டுக்கு வருவதையெல்லாம் முதலில் வாங்குவது உன் அக்கா.

மாமா


ஜூன் 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கை எப்படி இருக்கிறது? பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். தப்பு என்மீதுதான். ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ முடுக்கும்போது, என் பையில் தவறுதலாக வந்திருந்த பழைய அடாப்டரைச் சொருகிவிட்டு, உங்களுடையதை எடுத்து வந்திருக்கிறேன். கவனக்குறைவு. மன்னித்துவிடுங்கள்.

தனியாக ஒரு பார்சலில் புது 36 வோல்ட் அடாப்டர் அனுப்பியிருக்கிறேன். பிரித்ததும் சொருகிவிடுங்கள். முதல் இரண்டு நாள் கை வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. போதும்.

அக்காவிடம் இதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
மச்சினன்


ஜூன் 28

மாப்பிள்ளை,

உன்னை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். என் கல்யாணத்தன்று என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் அது தானாக நகர்ந்தது என்று சாதித்தவன் நீ. உன் வாயிலிருந்து "தப்பு என்மீதுதான்" என்று வந்து நான் கேட்டதே இல்லை. மன்னிப்பு வேறு கேட்கிறாய். அன்புடன் என்று வேறு போட்டிருக்கிறாய். அந்த நொடியே தெரிந்துவிட்டது, நீ இல்லை.

அக்காவிடம் கேட்க வேண்டாம் என்று எழுதினாயே, அதற்குப் பதில் நீ அவள் பெயரையே எழுதி அனுப்பியிருக்கலாம்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெருக்கல் குறியைக் கரைத்திருந்தது நகப்பூச்சு அழிக்கும் மருந்து. அவள் பாட்டிலில் இருந்ததைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், அதே மாதிரிதான் கரைந்தது. உன் கடையில் நகப்பூச்சுக்கு என்ன வேலை? முதல் கடிதம் எழுதும்போதே எனக்கு யோசனை அந்தப் பக்கம்தான் போனது. அன்று வீட்டுக்குள் வந்தது இரண்டு பேர். ஒன்று நீ, இன்னொன்று அவள். நீயாக இருந்துவிட்டால் தேவலை என்றுதான் உன்னை அந்தப் பேச்சுப் பேசினேன். உன்னோடு சண்டை போடலாம், பழகிவிட்டது.

நேற்று அவள் மளிகைக் கடைக்குப் போயிருந்தபோது வீட்டைத் தேடினேன். என் வீட்டிலேயே திருடன் மாதிரி தேடினேன். தையல் மிஷினின் கடைசி டிராயரில், வெட்டுத் துணிகளுக்கு அடியில், பூப்போட்ட துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். 36 வோல்ட். நீ மார்ச்சில் அனுப்பியதே. எடுத்த மாதிரியே திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன்.

ஏன் செய்தாள்? இதுதான் என்னைத் தின்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது சொன்னாள்: "இந்தக் கை கூடாமலே போனாக்கூட எனக்குப் பரவாயில்லைங்க. ஆள் வீட்டோட இருந்தா போதும்." அன்று அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. லேசான ஸ்டியரிங்கில் பழகிவிட்டு அந்தப் பழைய வண்டியில் ஏறினால் என்ன ஆகும்? தோற்பேன். தோற்றால் கவுண்டர். ஆள் வீட்டோடு. கைதட்டிக்கொண்டே என்னைத் தோற்கடிக்கிறாளா?

உன் பார்சலை நான் பிரிக்கவில்லை. டிப்போவிலிருந்து கொண்டுவந்து பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், அவள் கண்ணில் படும் இடத்தில். அனுப்பியவர் முகவரி வெளியே தெரிகிற மாதிரி. தினமும் பிரிட்ஜைத் துடைக்கிறாள். பெட்டியைத் தூக்கி, அடியில் துடைத்து, அதே இடத்தில் வைக்கிறாள். என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாமா


ஜூலை 4

மாமா,

சரி, நான் இல்லை. அக்காதான். மறைத்துப் பார்த்தேன், எனக்கு அது வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஏப்ரலில் அவள் என் கடையில் உட்கார்ந்திருந்தாள். பாதி முகம் வீங்கியிருந்தது, சரியாகப் பேச வரவில்லை, அதனால் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். பழைய மாடல், புது மாடல், அடாப்டர் குழப்பம், எல்லாவற்றையும் பெருமையாக விளக்கினேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பழசைப் போட்டா மிஷின் எரிஞ்சு போயிடுமாடா?"

"எரியாதுக்கா. சோம்பேறி ஆயிடும், அவ்வளவுதான்."

போகும்போது கழிசல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். சமையலறையில் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. விளக்குப் பட்டை ஒட்டப் போகிறேன் என்றாள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு விளக்கு இருக்கிறதா மாமா? நீங்கள் சிவப்புக் குறி என்று எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் நான் உங்களிடம் நடிக்க முடியாது.

ஆனால் நீங்கள் நினைப்பது தப்பு. அன்று அவள் என் கடையில் அழுதாள். மூன்று சுற்று ஓட்டிவிட்டு ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்து, "இனிமே நான் டிரைவர் இல்லை" என்று சொன்னீர்களாமே. அன்றிலிருந்து சவரம் செய்வதையே விட்டுவிட்டீர்களாம். அவளுக்கு உங்களை எழுப்பி உட்கார வைக்க வேண்டியிருந்தது. வேறு வழி தெரியவில்லை. இதில் சதி எங்கே இருக்கிறது?

என் பங்கும் இதில் இருக்கிறது. தகடு வைத்த கைக்கு எடுத்த எடுப்பில் முழுப் பலம் கொடுத்து அனுப்பியவன் நான். என் கடைச் சரக்கு எவ்வளவு பலமானது என்று உங்களுக்குக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. பொம்மை இல்லை என்று நிரூபிக்கிற அவசரம்.

இப்போது காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். பிரிட்ஜ் மேல் இருப்பதை இறக்குங்கள். பிரியுங்கள். சொருகுங்கள். இன்னும் பத்து நாளாவது இருக்கிறது. அக்காவிடம் கேட்பதா வேண்டாமா என்பதைத் தேர்வு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவள்மீது இருக்கிற கோபத்தில் உங்கள் வேலையை நீங்களே குழியில் தள்ளாதீர்கள்.

மச்சினன்


ஜூலை 14

மாப்பிள்ளை,

நாளை தேர்வு. பெட்டி இன்னும் பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது.

நான் அதைச் சொருகினால், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவள் சொல்வதெல்லாம் சமாளிப்பு ஆகிவிடும். அவளாகச் சொல்ல வேண்டும். நேற்று வரை காத்திருந்தேன். இன்று காலை இருபத்திரண்டு சுற்று ஓட்டினேன். "நாளைக்கு ஜெயிச்சிடுவீங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

உன் அக்காமீது உனக்கு ஒரு சந்தேகமும் வராதா மாப்பிள்ளை? கொடுத்து வைத்தவன்.

மாமா


ஜூலை 19

மாப்பிள்ளைக்கு,

தோற்றுவிட்டேன்.

முதல் வளைவு நன்றாகத்தான் போனது. இரண்டாவது திருப்பத்தில் வண்டியின் கனம் முழுவதும் ஸ்டியரிங்குக்கு வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூடாக ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது விரல்கள் பிடியில் நிற்கவில்லை. தேர்வாளர் எட்டி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்தினார். நல்ல மனிதர். "அக்டோபர்ல இன்னொரு தேர்வு இருக்கு. கையைத் தேத்திட்டு வாங்க" என்றார். அவர் கை என் ஸ்டியரிங்கில் இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் நான் ஓட்டும்போது வேறு ஒருவர் அதைத் தொட்டதில்லை.

வழியெல்லாம் உன் அக்காவை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டே வந்தேன். கேள்வி நிறைய இருந்தது. எதுவும் நல்ல கேள்வி இல்லை.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். நேராகத் தையல் மிஷினிடம் போனாள். கடைசி டிராயரை இழுத்தாள். துணி மூட்டையை என் கண் முன்னாலேயே பிரித்தாள். மேஜைக்கு அடியில் போய்ப் படுத்து, சின்னதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெரியதைச் சொருகினாள். எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொண்டாள். நான் கை கொடுக்கவில்லை. அவ்வளவு கோபம் இருந்தது எனக்கு.

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "உங்களுக்குத் தைரியம் வரட்டும்னுதான் மாத்தினேன். ஒரு மாசம் கழிச்சு திருப்பி மாத்திடணும்னு நினைச்சேன், சத்தியமா. அப்புறம் நீங்க பேர் குடுத்துட்டு வந்தீங்க. அதுக்கப்புறம் டிராயரைத் திறக்கக் கை வரலை. முதல்ல மாத்தினது உங்களுக்காக. திருப்பி மாத்தாம விட்டது எனக்காக."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். பெட்டியைப் பிரிக்காம பிரிட்ஜ் மேல வெச்சீங்களே, அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் கேக்கலை?"

அவள் சொல்வாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்பேனா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் தேர்வைக் கோட்டை விட்டோம். நீ நினைத்ததும் சரி, நான் நினைத்ததும் சரி. அதுதான் இன்னும் அதிகமாக வலிக்கிறது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. ஒருவரை ஒருவர் கெஞ்சவும் இல்லை.

உன் பார்சலைத் திருப்பி அனுப்புகிறேன், பிரிக்காமல். அந்தக் கழிசல் அடாப்டரும் கூட வருகிறது. எடுத்த பெட்டியிலேயே போட்டுவிடு. உன் கடையைப் பற்றி அன்று நான் பேசியது தப்பு. உன்னைச் சந்தேகப்பட்டதும் தப்பு. இதை எழுத்திலேயே தருகிறேன், வைத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, தானாக வந்தாள். சுற்றை அவள் எண்ணினாள். ஆறாவது சுற்றின் பாதியில் கை விட்டுப்போனது. ஸ்டியரிங் தானாக உதறித் திரும்பி நின்றது. அவளுக்கு முகம் வெளிறிவிட்டது, ஆனால் எழுந்து போகவில்லை.

"ஆறு" என்றாள்.

"அஞ்சுதான்" என்றேன்.

ஆறுக்கு நீட்டிய விரலை மடக்கினாள். "சரி, அஞ்சு" என்றாள்.

மாமா